பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஒரு கம்பெனி

நேற்றுக் காலை ஆவடி மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது என் கைப்பைக்குள் இருந்த போன் திடீரென்று அலறியது. என்னுடையது மட்டுமில்லை. கீரைக்காரம்மாவின் மடியில் இருந்தது, பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவரின் சட்டைப்பையில் இருந்தது, எதிரே ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களுடையது, எல்லாம் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. மீன்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். கீரைக்காரம்மா போனைக் கைக்கு எட்டிய தூரத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா இது, வெடிச்சிடுமா?" என்றார். வாங்கிப் படித்தேன். பேரிடர் வந்தால் மக்களை எச்சரிப்பதற்கான சோதனையாம். வெறும் ஒத்திகைதானாம். யாரும் பொருட்படுத்த வேண்டாமாம்.

நடு மார்க்கெட்டில் நின்று தனியாகச் சிரித்தேன். 'யாரும் பொருட்படுத்த வேண்டாம்' என்ற வரியை அன்றைக்கு நாம் சேர்த்திருந்தால், உயிரோடு இருந்த ஓர் அம்மாளுக்கு ரோஜா மாலை வந்திருக்காது. உடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று உன் எண்ணைத் தேடி எடுத்தும் விட்டேன். அதற்கப்புறம்தான் உறைத்தது. நீ போய் நாலு மாதம் ஆகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் கம்பெனி வால்வு செய்துகொண்டிருந்த காலம். நான் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் ஒரு ஏசி அறை, ஒரு மிசின், நான். நீ டெலிபோன் போர்டு. காலையில் போர்டில் உட்கார்ந்து காதில் கருவியை மாட்டினால், "குட்மார்னிங்" என்று உன் குரலில் தேன் சொட்டும். வெளியூரிலிருந்து பேசுகிறவர்கள் உன்னைப் பெரிய படிப்புப் படித்த ஊட்டிப் பெண் என்று நினைத்திருப்பார்கள். இணைப்பைக் கொடுத்த மறு நொடி என் பக்கம் திரும்பி, "இன்னாடி, நாஸ்தா துன்னியா இல்லியா?" என்பாய். அந்தப் பூந்தமல்லிக் குரலுக்குத்தான் கம்பெனியே பயந்தது.

ஒரு நாள் ஒர்க்ஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு தடித்த கடிதத்தை நீட்டினார். இரண்டாவது ஷெட் முழுவதும் ஒரே ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக ஓடிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். அவர்கள் கேட்டிருந்தார்கள்: உங்கள் தொழிற்சாலைக்கு ஓர் ஆபத்து வந்தால் எப்படி மீண்டு எழுவீர்கள், எங்களுக்கு வால்வு எப்படி வந்து சேரும்? ஒரு மாதத்துக்குள் எழுத்தில் வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போகும். ஆர்டர் போனால் இரண்டாவது ஷெட்டுக்குப் பூட்டுத்தான்.

"நீதானேம்மா கம்ப்யூட்டர். எழுதிடு" என்றார் மேனேஜர்.

கடிதத்தோடு ஒரு சொற்பட்டியலும் வந்திருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் அதை உன் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். ரெகவரி டைம் அப்ஜெக்டிவ் என்று ஒன்று, ரெகவரி பாயின்ட் அப்ஜெக்டிவ் என்று இன்னொன்று. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று மூன்று நாளாக எனக்குப் பிடிபடவில்லை. நீ என் டப்பாவிலிருந்து வறுவலை எடுத்துக்கொண்டே அர்த்தத்தைக் கேட்டாய். நான் இங்கிலீஷில் இருந்ததை அப்படியே வாசித்தேன். கொஞ்ச நேரம் மென்றாய்.

"ஞாயித்துக்கெயம டிவில படம் பாத்துகினு கீறோம். கரண்டு பூட்ச்சி. எவ்ளோ நேரத்துல வந்தா ஜனங்க ஏந்து போவாம குந்தினு இருப்பாங்க? அது மொத ஐட்டம். கரண்டு வந்தப்புறம் பாக்கறே, கல்யாணம் ஆயி புள்ளையே பொறந்துட்டுது. நடுவுல எவ்ளோ கத பூட்ச்சின்னு பக்கத்தூட்டுக்காரிய கேக்கறே பாரு, அது ரெண்டாவது."

எழுத்துக்கு எழுத்து சரி. நின்ற வேலை எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப ஓட வேண்டும் என்பது முதலாவது, எவ்வளவு நேரத்துப் பதிவு தொலைந்தால் தாங்கலாம் என்பது இரண்டாவது. அதற்குப் பிறகு எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

அப்புறம் ஹாட் சைட், வார்ம் சைட், கோல்டு சைட். நம் இடம் போய்விட்டால் வேலை செய்ய மாற்று இடம். "கோச்சிகினு அம்மா ஊட்டுக்குப் போனா சோறு ரெடியா கீது. அது ஹாட்டு. மாமியா ஊட்டுக்குப் போனா அடுப்பு கீது, நீதான் பத்த வெக்கணும். அது வார்மு. காலி ஊட்ட வாடகைக்கி எடுத்தா செவுருதான் கீது. அது கோல்டு. நமக்கு எது கெடைக்கும்னு கேளு." நமக்குக் கிடைத்தது மாமியார் வீடு. ஆவடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், நம்முடையதைப் போலவே டேப் ஓட்டும் மிசின். ஆபத்து என்றால் உபயோகித்துக்கொள்ளலாம் என்று அதன் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

என்னென்ன ஆபத்து வரலாம் என்று பட்டியல் போடச் சொன்னபோது மேனேஜர் பூகம்பம், யுத்தம் என்று பெரிய இடத்திலிருந்து ஆரம்பித்தார். நீ பெருச்சாளியைச் சேர்த்தாய். ஏரியைச் சேர்த்தாய். "ஏரி அங்கே இருக்கும்மா, நாம இங்கே இருக்கோம்" என்று அவர் ஏரியை அடித்துவிட்டுப் பெருச்சாளியை மட்டும் விட்டுவைத்தார்.

அந்த மாதத்தில் நடந்த இன்னொன்றை நீ கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லிவிடுகிறேன். வாரா வாரம் வெள்ளிக்கிழமை மிசினில் இருப்பதையெல்லாம் டேப்பில் நகலெடுத்து, அந்த அறையிலேயே அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். எந்த வால்வு எந்த உலையில் வார்த்தது, எவ்வளவு அழுத்தத்தில் சோதித்தது என்ற வரலாறு எல்லாம் அதில். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஒரு வால்வுகூடக் கப்பல் ஏறாது. அலமாரியைப் பார்த்து நீ, "ஊட்டு சாவியும் டூப்ளிகேட் சாவியும் ஒரே வளையத்துல மாட்டினு திரியிறியே" என்றாய். அதோடு விட்டிருக்கலாம். "அது சரி, எடுத்து எடுத்து வெக்கறியே, எதையாவது திரும்பப் போட்டுப் பாத்தியா?" என்றாய்.

போட்டுப் பார்த்ததில்லை. அன்று மாலை போட்டோம். ஒன்றுமில்லை. அடுத்த டேப். ஒன்றுமில்லை. டேப் ஓட்டும் கருவியில் ஏதோ கோளாறு. எட்டு மாதமாக நான் வெறும் டேப்பைச் சுற்றி, லேபிள் ஒட்டி, தேதி போட்டு, பூட்டி வைத்துக்கொண்டிருந்தேன். மேனேஜருக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும். நீ என் முகத்தைப் பார்த்தாய்.

"எட்டு மாசமா காலி டப்பாவுக்கு காவல் காத்துகினு கீற. சரி வுடு. ரிப்பேர்காரனுக்கு நா லைன் போடறேன். அழுவாத, மூஞ்சி வீங்கினா அல்லாரும் கேப்பாங்க."

கருவி சரியானது. அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நகலெடுத்து, திரும்பப் போட்டுப் பார்த்து, உன்னிடம் கொடுத்தேன். நீ அதை டிபன் கேரியரின் மேல் அடுக்கில் வைத்துப் பூந்தமல்லி பஸ்ஸில் எடுத்துப் போய், உன் வீட்டு பீரோவில் கல்யாணப் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தாய். அடுத்த வாரம் பழைய டேப் திரும்பி வரும்போது பாச்சை உருண்டையும் எலுமிச்சை ஊறுகாயும் கலந்து மணக்கும்.

எல்லாவற்றையும் எழுதி முடித்தோம். ஒத்திகை மட்டும் பாக்கி. ஆபத்து வந்தால் யார் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்று நீ ஒரு வரைபடம் போட்டிருந்தாய். நீ இரண்டு பேருக்கு, அவர்கள் ஆளுக்கு இரண்டு பேருக்கு என்று மரம் மாதிரி கிளை விடும். கஷ்டம் என்னவென்றால், மேனேஜரைத் தவிர யார் வீட்டிலும் போன் கிடையாது. எல்லாம் பக்கத்து வீட்டு நம்பர், எதிர்க்கடை நம்பர். கோவில்பதாகைக்கு ஒரு ஹவுஸ் ஓனர், பூந்தமல்லிக்கு ஒரு மருந்துக்கடை, பருத்திப்பட்டுக்குக் கான்வென்ட்டை ஒட்டிய மளிகைக்கடை. அத்தனை நம்பரும் உனக்கு மனப்பாடம்.

இரண்டாம் சனிக்கிழமை, விடுமுறை நாள், காலை ஒன்பது மணி. மேனேஜர் கையில் கடிகாரத்தோடு போர்டுக்குப் பக்கத்தில் நின்றார். செய்தியை அவரே எழுதிக் கொடுத்திருந்தார்: 'சிஸ்டம் டவுன், உடனே வரவும்.' நீ பருத்திப்பட்டு மளிகைக்கடைக்குப் போட்டு, டெஸ்பாட்ச் பிரிவு ஸ்டீபனுக்குச் சொல்லச் சொன்னாய். கடைக்காரருக்கு சிஸ்டத்தைப் பற்றி என்ன தெரியும்? கான்வென்ட் பக்கத்தில் கடை வைத்தவர். அவர் காதில் விழுந்தது சிஸ்டர். ஸ்டீபன் வீட்டுக்குப் போய், "சிஸ்டர் டவுனாம், கம்பெனிலேர்ந்து போன் வந்துச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஸ்டீபன் யோசித்திருக்கிறான். கம்பெனியிலிருந்து போன் என்றால் கான்வென்ட் சிஸ்டராக இருக்காது. மேனேஜருக்கு ஓர் அக்கா உண்டு, அவர் வீட்டோடு இருக்கிறார், வயதானவர். அவ்வளவுதான். அவன் தன் கிளைகளுக்குச் சொன்னபோது செய்தி சுத்தமான தமிழில் போனது: "மேனேஜரோட அக்கா தவறிட்டாங்க."

நாம் போர்டில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மணிக்கு நாலு பேர் வந்தார்கள். மீதிப் பேரைக் காணோம். "இதுதான் உங்க மரமா?" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார். பத்தேகாலுக்கு போர்டில் மணி அடித்தது. நீ எடுத்தாய். உன் முகம் மாறியதை நான் மறக்கவே மாட்டேன். ஆனால் குரலில் தேன் குறையவில்லை.

"ஒன் மினிட் மேடம், கனெக்ட் பண்றேன்." கருவியைக் கையால் பொத்திக்கொண்டு மேனேஜரைப் பார்த்து, "சார், ஒங்க அக்கா. தான் செத்துட்டாங்களான்னு கேக்கறாங்க" என்றாய்.

அங்கே நடந்ததை ஸ்டீபன் பிறகு சொன்னான். ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு பங்கு போட்டுப் பெரிய ரோஜா மாலை வாங்கிக்கொண்டு மேனேஜர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்தது ஓர் அம்மாள், கையில் காபி டம்ளர். ஸ்டீபன் தலையைக் குனிந்துகொண்டு தாழ்ந்த குரலில், "எப்ப எடுக்கறீங்கம்மா?" என்று கேட்டிருக்கிறான்.

"எதை?"

"சிஸ்டரை."

"எந்த சிஸ்டரை?"

"சாரோட சிஸ்டரை."

"நான்தான்யா அது" என்றாராம் அந்த அம்மாள்.

மேனேஜர் அன்று நம் இரண்டு பேரையும் வேலையை விட்டே அனுப்பியிருப்பார். காப்பாற்றியது அக்காதான். "நான் செத்தா எத்தனை பேர் வருவாங்கன்னு இப்பவே தெரிஞ்சிடுச்சு, இதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்" என்று சொல்லி, வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்து, மாலையை முருகன் படத்துக்குப் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமை நீ திட்டத்தில் இரண்டு விதிகளைச் சேர்த்தாய். செய்தி தமிழில்தான் போக வேண்டும். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் போனை வைக்க வேண்டும்.

அந்த வருஷ மழை ஒத்திகைக்கு வரவில்லை. மூன்று நாள் விடாமல் கொட்டியது. புதன்கிழமை காலையில், மேனேஜர் அடித்துவிட்ட ஏரி எஸ்டேட்டுக்குள் வந்துவிட்டது. நான் எப்படியோ நடந்து கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது இடுப்பளவு தண்ணீர். ஏசி அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் நாற்காலி மிதந்துகொண்டிருந்தது. மிசின் உச்சிவரை மூழ்கியிருந்தது. உன் போர்டும்தான். மேனேஜர் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். செய்து முடித்த வால்வுகள் மேல் தட்டில் நனையாமல் இருந்தன. சனிக்கிழமை காலையில் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். சான்றிதழ் இல்லை. "முடிஞ்சுதும்மா" என்றார். அந்த மனிதரின் குரல் உடைந்து நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

டேப் உன் பீரோவில் இருப்பது எனக்குத் தெரியும், நீ அதற்குள் வேலையில் இறங்கிவிட்டாய் என்பதுதான் மேனேஜருக்கும் எனக்கும் தெரியாது. நீ காலை ஏழு மணிக்கே பூந்தமல்லி மருந்துக்கடையில் போய் நின்றுகொண்டிருந்தாய். போர்டுக்குப் போட்டுப் பார்த்து, மணியே அடிக்கவில்லை என்றதும் புரிந்துகொண்டாயாம். ஈரக் குடையோடு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, கடைக்காரர் உன்னைச் சுற்றிச் சுற்றி மாத்திரை விற்க, ஒவ்வொரு நம்பராகப் போட்டாய். "மிசின் தண்ணில பூட்ச்சி. யாரும் சாவல. ஆவடி சென்டருக்கு வா. எங்க, திருப்பிச் சொல்லு." நாலில் ஒரு லைன் செத்துக் கிடந்தும் ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பி எல்லாருக்கும் சேதி போனது. அந்த மளிகைக்கடைக்காரர் 'யாரும் சாவல' என்பதை இரண்டு தரம் திருப்பிச் சொன்னாராம்.

பஸ் இல்லை. மத்தியானம் நான் ஆவடி சென்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு தண்ணி லாரி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து நீ இறங்கினாய், மார்போடு அணைத்த டிபன் கேரியருடன். "ஊரெல்லாம் தண்ணி. நா வந்தது தண்ணி லாரில. சிரிக்காத, இத்தப் புடி" என்றாய். மேல் அடுக்கில் பாலிதீன் சுற்றிய டேப். கீழ் அடுக்குகளில் எல்லாருக்கும் எலுமிச்சை சாதம்.

சென்டரில் சொந்தக்காரர் இல்லை. அவருடைய மச்சான் மேசையில் இருந்தான். "மாமா ஊர்ல இல்லைங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னைக்கு பசங்களுக்கு டெஸ்ட்" என்றான்.

டேப்போடு பீரோவில் வைத்திருந்த ஒப்பந்தக் காகிதத்தை நீ நீட்டினாய். முதலில் தேன்தான். "மாமா ஊர்ல இல்லாட்டி பரவாயில்லை சார், அவர் கையெழுத்து இங்கேதான் இருக்கு." அவன் காகிதத்தைத் தொடாமல் தலையை ஆட்டியதும் போர்டுக் குரல் போய்விட்டது. "டெஸ்ட்டா? நாங்களும் டெஸ்ட்தான் எய்திகினு கீறோம் நைனா. இதுல ஃபெயிலானா ஒரு ஷெட்டு ஜனமும் ஊட்டுக்குப் பூடும். ஒன் பசங்க இன்னிக்கி பேப்பர்ல எய்தட்டும். ஏந்திரு." அவன் எழுந்துவிட்டான். ஏன் எழுந்தோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

டேப்பைப் போட்டேன். கருவி ஒரு சத்தம் போட்டு நின்றது. எனக்கு அந்த எட்டு மாதத்துக் காலி டேப்புகள் கண்ணுக்குள் வந்தன. ஸ்டீபன், சோதனைப் பிரிவு ஆட்கள், கடைசியாக வந்து சேர்ந்த மேனேஜர், எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். நீ மட்டும் குனிந்து என் காதோடு, "போன வெள்ளிக்கெயம நீதான போட்டுப் பாத்த. கீது. வரும்" என்றாய். கருவி மறுபடி ஓடத் தொடங்கியது. முதல் வால்வின் எண் திரையில் வந்தபோது அழுதுவிட்டேன். மூஞ்சி வீங்கியது. அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வரைக்குமான கதை டேப்பில் வந்துவிட்டது. சனி, திங்கள், செவ்வாய்க் கதை போய்விட்டது. சோதனைப் பிரிவின் மேசையறையிலிருந்து ஸ்டீபன் எடுத்து வந்த சீட்டுகளில் அது இருந்தது, ஆனால் எல்லாம் ஊறிப் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்து மின்விசிறியில் காட்டினால் பறந்தன. நீ தெருமுனை இஸ்திரிக்காரரைக் கூட்டி வந்தாய். மழையில் தொழில் இல்லாமல் இருந்தவர், கரிப்பெட்டியோடு வந்து, சீட்டுகளைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கை பழக்கத்தில் ஒவ்வொன்றையும் சட்டை மாதிரி மடித்தும் கொடுத்தார். நீ பிரித்துப் பிரித்து வாசிக்க, நான் அடித்தேன். வெளிநாட்டுக்குப் போன அந்தச் சான்றிதழ்களின் பின்னால் ஆவடி இஸ்திரிப் பெட்டியின் சூடு இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கடைசித் தாள் அச்சாகி வந்தது. சனிக்கிழமை கன்டெய்னர் கிளம்பியது. இரண்டாவது ஷெட் மூடப்படவில்லை.

சில மாதம் கழித்து வாடிக்கையாளரின் ஆள் நேரில் வந்தார். திட்டத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இப்படி ஒன்றை எங்கேயும் பார்த்ததில்லை என்றார். அதன் முதல் பக்கத்தில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. மேனேஜர் அப்படி அச்சடிக்கச் சொன்னார், நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். எனக்குப் பதவி உயர்வு வந்தது. உனக்குக் கைதட்டல்கூட வரவில்லை. உன் போர்டுக்கு வந்து, "அடுத்த தடவ திருத்தறப்போ ஒம் பேரையும் போட்டுடறேன்டி" என்றேன்.

"போடு போடு. மொத பக்கத்துல வேணாம், பெருச்சாளி பக்கத்துல போடு" என்று சிரித்துவிட்டு, வந்த அழைப்பை எடுத்தாய்.

அடுத்த தடவை வரவேயில்லை. நான் தலைமை அலுவலகத்துக்கு மாறினேன். போர்டு போய் தானே இணைக்கும் கருவி வந்ததும் நீ பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் உட்கார்ந்தாய். மாதம் ஒரு தரம் பேசுவோம், எல்லாவற்றையும் பேசுவோம். அந்த முதல் பக்கத்துப் பேச்சை மட்டும் நான் எடுத்ததில்லை, நீயும் எடுத்ததில்லை.

உன் காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மகள் எனக்குக் காபி கொடுத்துவிட்டு, "அம்மா கம்பெனில போன் எடுத்து குட்மார்னிங் சொல்வாங்க, அவ்ளோதான ஆன்ட்டி?" என்று சும்மா கேட்டாள். நீ வீட்டில்கூட ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் காபியைக் கீழே வைத்தேன். கரண்டு போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்து, காலி டேப்பை மறைக்காமல், தண்ணி லாரிவரை எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கதவைத் திறந்த இடத்தில் உன் மகள் சிரிக்க ஆரம்பித்தவள், கன்டெய்னர் கிளம்பிய இடத்தில் அழுதுகொண்டிருந்தாள். முதல் பக்கத்தில் யார் பெயர் இருந்தது என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து, என் பழைய வேலையைப் பற்றி யார் கேட்டாலும் அந்தத் திட்டத்தை எழுதியது இரண்டு பேர் என்றுதான் தொடங்குகிறேன். உன் பெயரை முதலில் சொல்கிறேன். நேற்று கீரைக்காரம்மா எதுவுமே கேட்கவில்லை. அவருக்கும் சொன்னேன்.